சோடாவுக்குக் காசு கொடுத்தவன்

என் தங்கையின் மகள் கொழும்பு புதுக்கடையில் சட்டம் படிக்கிறாள். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி, அவளுடைய கல்லூரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு கொலை நடந்தது. சட்டத்தரணி உடையில் வந்த ஒருவன், வழக்குக்காகக் கொண்டுவரப்பட்டிருந்த பாதாள உலகப் புள்ளி ஒருவரைக் கூண்டில் வைத்தே சுட்டான். பக்கங்களை வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் இருந்துதான் கைத்துப்பாக்கி உள்ளே வந்தது. அன்று மாலையே அந்தக் காட்சிக்குத் தமிழ்ப் படமொன்றின் பின்னணி இசையைச் சேர்த்து யாரோ அவளுடைய கைபேசிக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக் காட்டித்தான் கேட்டாள்: "மாமா, கப்பம் வாங்குகிறவன், ஆள் கொல்லுகிறவன் என்று தெரிந்தும் படத்தில் அவனுக்காக ஏன் அழுகிறோம்? அழவைக்கும்படி எடுக்கிறவர்கள் குற்றத்துக்குத் துணைபோகிறார்கள் என்றுதானே அர்த்தம்?"

சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அது போதாது என்று அப்போதே தெரிந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் தமிழ்ப் பத்திரிகைக்காக நீதிமன்றச் செய்தி எழுதியவன் நான். அதைவிட அதிக காலம் படம் பார்த்திருக்கிறேன். ஆகவே இரண்டையும் கலந்துதான் எனக்குப் பதில் சொல்ல வரும்.

முதலில், சினிமா கண்டுபிடித்த இரக்கம் இல்லை இது. குண்டலகேசியின் கதையைப் பள்ளிக்கூடத்தில் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். நூலும் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை, பத்தொன்பது பாடல்கள்தான் மிஞ்சின. கதை மட்டும் தப்பியது. வணிகன் மகள் பத்திரை மாடத்தில் நின்று பார்க்கிறாள். கொலைக்களத்துக்கு ஒரு கள்வனைக் கொண்டுபோகிறார்கள். பார்த்த கணத்திலேயே காதல். தகப்பன் எப்படியோ அவனை மீட்டு மணம் செய்துவைக்கிறான். பிறகு ஒருநாள் ஊடலில், "நீ கள்வன்தானே" என்று அவள் விளையாட்டாகச் சொல்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளை மலையுச்சிக்குக் கூட்டிப்போய்த் தள்ளப் பார்க்கிறான். சாவதற்கு முன் உன்னை வலம் வந்து வணங்குகிறேன் என்று சுற்றி வந்தவள், பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். தூரத்திலிருந்து பார்த்தபோது அழகன், வீட்டுக்குள் வந்தபோது கொலைகாரன். இந்த வகைப் படங்களைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் எழுதி நான் வாசித்ததில்லை.

யாழ்ப்பாணத்தில் காத்தான் கூத்து பார்த்து வளர்ந்தவள் என் அம்மா. அரசனின் கணக்கில் காத்தவராயன் குற்றவாளி. விடியவிடிய ஆடி முடியும் தறுவாயில் அவன் கழுமரம் ஏறும்போது பெண்கள் கைகூப்பிக்கொண்டு அழுவார்களாம். இந்த நாட்டுச் சிங்கள வீடுகளில் கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று ஓதும் பௌத்தப் பிரித்துக்கு அங்குலிமாலனின் பெயர். வெட்டிய விரல்களை மாலையாகப் போட்டுத் திரிந்தவன் அவன். சரதியலின் கதை இன்னும் விசித்திரமானது. கொழும்பு-கண்டி வீதியில் வழிமறித்துக் கொள்ளையடித்த உட்டுவன்கந்தைச் சரதியலை 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனெல்லையில் வளைத்துப் பிடித்தார்கள். அந்தச் சண்டையில் சபான் என்ற கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். சுட்டவன் சரதியலின் கூட்டாளி மம்மாலி மரிக்கார். மே மாதம் கண்டியில் இருவரையும் தூக்கில் போட்டார்கள். சபான் இறந்த நாளைத்தான் பொலிஸ் திணைக்களம் இன்றும் பொலிஸ் வீரர்கள் தினமாக நினைவுகூருகிறது. ஆனால் தெருவில் பத்துப் பேரை நிறுத்திக் கேளுங்கள். பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று சரதியலைப் பத்துப் பேருக்கும் தெரியும். சபானைத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே பெரிய காரியம்.

இதைத்தான் சினிமா கையில் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 1931இல் ஜேம்ஸ் காக்னி நடித்த பப்ளிக் எனிமியின் முடிவைப் பாருங்கள். மகன் வைத்தியசாலையிலிருந்து வருகிறான் என்ற சந்தோஷத்தில் தாய் மேல்மாடியில் படுக்கையைத் தட்டி விரிக்கிறாள். கீழே கதவைத் திறக்கிறான் தம்பியோ அண்ணனோ. துணியால் சுற்றிக் கட்டிய பிணம் முகங்குப்புற வீட்டுக்குள் விழுகிறது. அதுவரை அவன் செய்த அட்டூழியம் எல்லாம் அந்தப் படுக்கை விரிப்புக்கு முன்னால் மங்கிப்போகிறது. இந்தச் சங்கடம் ஹொலிவூட்டுக்கும் தெரிந்திருந்தது. பார்ப்பவரின் அனுதாபம் குற்றத்தின் பக்கம் சாயக்கூடாது என்று 1930இலேயே விதி எழுதி, 1934 முதல் இறுக்கமாக நடைமுறைப்படுத்தினார்கள். அதற்கிடையில் 1932இல் வந்த ஸ்கார்ஃபேஸுக்கு, தேசத்தின் அவமானம் என்று பொருள்படும் உபதலைப்பு ஒன்றை ஒட்டி, பெரிய மனிதர்கள் உட்கார்ந்து உபதேசிக்கும் காட்சியையும் செருகினார்கள். அந்த உபதேசத்தை இன்று யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? ஆகவே மருமகளின் இரண்டாவது கேள்விக்கு, தடுத்துப் பார்த்தாயிற்று, நடக்கவில்லை என்பதுதான் சுருக்கமான பதில்.

முதல் கேள்விதான் பெரியது. ஏன் அழுகிறோம்? காட்டப்படுவதை வைத்து மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. காட்டாமல் விடப்படுவதையும் எண்ணவேண்டும். 1972இல் வந்த கோட்ஃபாதரை எடுத்துக்கொள்வோம். இருட்டுக்குள் ஒரு முகத்தோடு படம் தொடங்குகிறது. பிணங்களை அடக்கம் செய்யும் தொழில் செய்கிற ஒரு தகப்பனின் முகம். மகளை அடித்துச் சிதைத்த பையன்களை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது, நீங்களாவது நியாயம் செய்யுங்கள் என்று கெஞ்சுகிறான். கமரா மெல்ல மெல்லப் பின்வாங்கிய பிறகுதான் கேட்டுக்கொண்டிருப்பவரின் தோளும் கையும் தெரிகின்றன. குற்றவாளியை நாம் முதன்முதலில் சந்திப்பது மேன்முறையீட்டு நீதிபதியின் ஆசனத்தில். அதற்குப் பிறகு மூன்று மணி நேரத்தில் எத்தனையோ பேர் சாகிறார்கள். யாரெல்லாம் என்று எண்ணிப் பாருங்கள். சொந்தக் குடும்பத்தை விட்டுவிட்டால், போட்டிக் குடும்பத்தார், துரோகிகள், ஊழல் பிடித்த பொலிஸ் அதிகாரி. சூதாட்டத்தில் வீட்டை இழந்தவன் ஒருவன், மாதாமாதம் பணம் கட்டிய கடைக்காரன் ஒருவன் என்று யாராவது அதில் வருகிறார்களா? சம்பந்தமில்லாமல் செத்ததாக நம் மனதில் நிற்பது ஒரு குதிரைதான். அதுவும் கெட்டவனுடைய குதிரை.

இதைச் சொல்வதால் அது மோசமான படம் என்று ஆகிவிடாது. இன்றைக்கும் நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். வித்தை தெரிந்த பிறகும் வித்தைக்காரனைப் பார்க்கப் போவதில்லையா, அதுபோல.

நாயகன் என்னை விடாத படம். 1987 ஒக்டோபர் 21, தீபாவளியன்று தமிழ்நாட்டில் வெளியானது. அதே நாளில்தான் இந்திய இராணுவம் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்து வைத்தியர்களையும் தாதியரையும் நோயாளர்களையும் சுட்டுக் கொன்றது. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்கூட வைக்கவில்லை. ஆகவே படத்தை நாங்கள் பார்த்தது அடுத்த வருடம், கொழும்பு கொட்டாஞ்சேனையில், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில். முன்வீட்டுக்காரர், பின்வீட்டுக்காரர் என்று இருபது பேர் தரையில் இருந்தார்கள். தூத்துக்குடியில் தொழிற்சங்கத் தலைவரான தகப்பனைப் பொலிஸ் கொல்கிறது, சிறுவன் வேலு பொலிஸ்காரனைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகிறான், தாராவியில் அவனை வளர்த்தவரையும் பொலிஸ் கொல்கிறது. இருபது பேரும் மூச்சுவிடவில்லை. எங்களுக்கு அந்த வருடத்தில் சீருடைக்காரனின் கையால் சாகிற தகப்பன் கதை பம்பாய்க் கதையாகவே தோன்றவில்லை.

பம்பாயில் உண்மையில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் சாயலில் உருவான பாத்திரம் அது என்பது ஊரறிந்தது. அந்த நிஜ மனிதரின் பெரும் வருமானம் கள்ளச்சாராயம். படத்தில் நம் மனதில் நிற்கும் தொழில் கடல்வழிக் கடத்தல். கடத்தலுக்கு அலை இருக்கிறது, படகு இருக்கிறது, சுங்க அதிகாரியை ஏமாற்றும் சாமர்த்தியம் இருக்கிறது. கள்ளச்சாராயத்துக்கு இருப்பதெல்லாம் குடித்துக் கண் போனவனின் வீடு. கமராவை அந்த வீட்டுக்குள் கொண்டுபோனால் வேறு படம் வந்திருக்கும்.

இருந்தாலும் மணிரத்னம் இரக்கத்தை இலவசமாகக் கொடுத்துவிடவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வேலு கொன்ற பொலிஸ் அதிகாரிக்கு ஒரு மனைவியும் மனவளர்ச்சி குன்றிய மகனும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலுவே உதவுகிறான். கடைசியில் நீதிமன்றம் விடுவித்த மனிதனை நீதிமன்ற வாசலில் கொல்வது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைதான். மகளும் தகப்பனை விட்டுப் போகிறாள். நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது கிழவனிடம் பதில் இல்லை. பில் வருகிறது, தாமதமாக வருகிறது. அதற்குள் நாங்கள் இருபது பேரும் அழுது முடித்துவிட்டோம்.

அப்பா மட்டும் அழவில்லை. பாதியில், தாராவி சனங்கள் வேலுவின் வாசலில் கூடி நிற்கும் இடத்தில், "கணக்கு எழுத இருக்கிறது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். படம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. மாதத்தில் ஒருநாள், பெரும்பாலும் சம்பள வாரத்தில், எங்கள் பகுதிச் சண்டியன் ஒருவன் வருவான். சண்டியன் என்ற சொல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொது, அந்த ஆளும் அப்படித்தான், இரண்டு மொழியும் ஒரே சரளமாகப் பேசுவான். வெள்ளைச் சட்டை, முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பாக மடித்த கை. வந்ததும் ஒரு நெக்டோ சோடா கேட்பான். போத்தலைத் திறந்து கொடுத்தால் வாசலில் நின்றபடி மெதுவாகக் குடிப்பான். அப்பா மேசை லாச்சியைத் திறந்து நான்காக மடித்த ஒரு கடதாசிப் பொட்டலத்தை அவனிடம் கொடுப்பார். அவன் அதைப் பிரித்துப் பார்க்காமலே சட்டைப் பையில் வைப்பான். பிறகு, இதுதான் முக்கியம், மற்றப் பையிலிருந்து சில்லறை எடுத்து நெக்டோவுக்குக் காசு கொடுப்பான். மிச்சத்தை எண்ணி வாங்குவான். போகும்போது என் தலையைத் தடவி, "படிக்கிறாயா?" என்று கேட்பான். அம்மா சொல்வாள், "என்ன இருந்தாலும் அவன் நல்ல பிள்ளை. ஒருநாளும் சோடாவுக்குக் காசு கொடுக்காமல் போனதில்லை."

இந்தப் படங்களின் முழு இரகசியமும் அந்தச் சில்லறையில் இருக்கிறது. போதைப்பொருள் மட்டும் விற்கமாட்டேன், பெண்களையும் குழந்தைகளையும் தொடமாட்டேன், சொன்ன சொல் மாறமாட்டேன் என்று திரையில் ஒவ்வொரு தாதாவும் நெக்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான். அந்தச் சில்லறைச் சத்தத்தில் லாச்சி திறந்த சத்தம் நமக்குக் கேட்பதில்லை. 1995இல் பாட்ஷா வந்தபோது இந்த வித்தை உச்சத்துக்குப் போனது. அதில் லாச்சியே கிடையாது. எதிரில் நிற்பவன் அத்தனை கொடியவனாக இருந்தால் நம் ஆள் என்ன செய்து பிழைத்தான் என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

லாச்சியைத் திறந்து காட்டிய படம் என்றால் என் கணக்கில் 1990இல் வந்த குட்ஃபெல்லாஸ். ஸ்கோர்செஸி முதல் ஒரு மணி நேரம் நம்மையும் அந்தக் கும்பலுக்குள் சேர்த்துவிடுகிறார். கதாநாயகனே கதை சொல்கிறான், பின்கதவால் உல்லாச விடுதிக்குள் கூட்டிப்போகிறான், நமக்கும் அங்கே ஒரு மேசை போட்டுக் கொடுப்பதுபோல இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே ஓர் உணவுவிடுதிக்காரன் வருகிறான். கும்பல்காரன் கடன் வைத்துத் தின்கிறான், கேட்டால் அடிக்கிறான். தாங்க முடியாமல் அவன் கும்பல் தலைவனிடமே போய், என்னோடு பங்காளியாகச் சேர்ந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சுகிறான். சேர்ந்துகொள்கிறார்கள். கடன் வாங்க முடிந்த மட்டும் அந்தக் கடையின் பெயரில் சரக்கை வாங்கி, பின்கதவால் பாதி விலைக்கு விற்று, இனிச் சுரண்ட ஒன்றுமில்லை என்றானதும் நெருப்பு வைத்துவிடுகிறார்கள். சில நிமிடக் காட்சிதான். அதைப் பார்த்த இரவு நான் அப்பாவிடம் போய் அந்த வெள்ளைச் சட்டைக்காரனைப் பற்றிக் கேட்டேன். அவர் "அதெல்லாம் எதற்கு இப்போது" என்று சொல்லிவிட்டு வானொலியைத் திருப்பினார்.

தமிழில் செல்வராகவனின் புதுப்பேட்டை, 2006. பசியில் கிடந்த பையன் என்று இரக்கப்படவைத்து, அவன் ஆளான பிறகு, தலைமை தாங்கப் போன கல்யாணத்தில் சகாவின் தங்கையான மணப்பெண்ணுக்குத் தானே தாலி கட்டுகிறான். அந்த இடத்தில் என் பக்கத்தில் இருந்தவர் விசிலடிக்க வாய்க்குள் வைத்த விரலை அப்படியே எடுத்துவிட்டார். அந்த விரலுக்காக அந்தப் படத்தின் மற்றக் குறைகளை எல்லாம் மன்னிக்கலாம்.

இங்கே இருப்பவர்களுக்கு இந்த இரக்கம் கொஞ்சம் கூடுதலாகவே வரும் என்பதையும் சொல்லவேண்டும். தமிழில் நடந்ததைச் சொல்லி, சிங்களத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டுக்குக் கீழே வாசிக்கத் தெரியாமல் கையொப்பம் வைத்துவிட்டு வந்தவர்கள் எங்களில் ஏராளம். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழரை முந்நூறுக்கும் மேற்பட்டவர்களாகப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதே காலத்தில் வெள்ளை வேனில் ஆள் கடத்திக் கப்பம் கேட்டார்கள், கேட்டவன் யார் என்று தெரிந்தும் சொல்ல முடியாத வியாபாரிகள் இருந்தார்கள். முறையிட இடமில்லாதவனுக்கு, இருட்டு அறையில் உட்கார்ந்து நியாயம் வழங்கும் ஒரு பெரியவர் கனவிலாவது வேண்டும். கோட்ஃபாதரின் முதல் காட்சி எங்களுக்கு ஏன் அந்நியமாக இல்லை என்று இப்போது விளங்கும். அந்தக் கனவை நான் பழிக்கமாட்டேன். விடுதியிலிருந்து இறக்கியவனும் வேனில் ஏற்றியவனும் ஏதோ ஒரு பெரியவருக்கு வேண்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் கூடவே வரும்.

படத்தை மட்டும் ஏன் குறை சொல்லவேண்டும், எங்கள் தொழிலையும் சேர்த்துக்கொள்கிறேன். கொலையாளிக்கு ஊர்ப் பெயரும் பட்டப் பெயரும் சேர்த்து மூன்று சொல்லில் ஒரு பட்டம் கொடுப்போம், பட விளம்பரத்துக்கு வைத்ததுபோல இருக்கும். கொல்லப்பட்டவர் "இரண்டு பிள்ளைகளின் தந்தையான 42 வயதுடைய நபர்". அந்த வரியை நானே எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்! நபருக்குப் பெயர் இருந்தது, இடம் போதவில்லை.

அப்படியானால் இந்தப் படங்களைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா? கூண்டில் நான் பார்த்தவர்களில், படம் பார்த்துத் துப்பாக்கி தூக்கியவன் என்று ஒருவனையும் நினைவில்லை. கடன், ஐஸ் போதைப் பழக்கம், இராணுவத்தைவிட்டு ஓடிவந்து ஒளிந்த வாழ்க்கை, அண்ணனைக் கொன்றவன் மீது பழி. இவைதான் வழக்குப் புத்தகத்தில் இருந்தன. நடையையும் சட்டை மடிப்பையும் படத்திலிருந்து எடுத்திருப்பார்கள், அது உண்மை. நானும் பதினான்கு வயதில் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இரண்டு மடிப்பாக மடித்துக்கொண்டுதான் திரிந்தேன். படம் எதையும் பார்த்து அல்ல.

அந்த வெள்ளைச் சட்டைக்காரனை ஒருமுறை நீதிமன்றத்தில் கண்டேன். கப்பம் கேட்டு ஒருவரைக் காயப்படுத்திய வழக்கு. தலை நரைத்து, பல் இரண்டு விழுந்து, சாரத்தோடு நின்றான். என்னை எப்படியோ அடையாளம் கண்டு, "அப்பா சுகமா?" என்று கேட்டான். சுகம் என்றேன். எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. அதே விறாந்தையில், நாலடி தள்ளி, கையில் கட்டுப்போட்ட ஒரு மனிதர் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். அவர்தான் முறைப்பாட்டாளர் என்பது வழக்கைக் கூப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா இறந்த பிறகு கடைக் கணக்குக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். கப்பம் என்றோ அவனுடைய பெயரோ எங்கும் இல்லை. ஒவ்வொரு மாதமும் சம்பள வாரத்தில் ஒரே தொகைக்கு நேரே "கோயில் செலவு" என்று இருந்தது. இரவில் அப்பா சொல்லச் சொல்லக் கணக்கு எழுதியது நான்தான். பதினொரு வருடங்கள், எல்லாம் என் கையெழுத்து.